காமிக்ஸ் விலையும் எங்கள் கடை வைத்த பாக்கியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் புத்தகக் காட்சி பற்றிய பக்கத்தில், "நூறு பக்கப் பொம்மைப் புத்தகத்துக்கு இருநூறு ரூபாயா?" என்று ஒரு வாசகர் அலுத்துக்கொண்டிருந்தார். இரண்டு, மூன்று ரூபாய்க்கு காமிக்ஸ் வாங்கிப் படித்தவர் போலிருக்கிறது. நானும் அந்த வயதுக்காரன்தான். ஆனால் நான் விற்ற பக்கம். பேருந்து நிலையத்துக்கு எதிரே அப்பா பத்திரிகைக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் கல்லாவில் நான்.

முத்து காமிக்ஸ் 1972-லேயே இரும்புக்கை மாயாவியோடு வந்துவிட்டது. 1984 ஜூலையில் லயன், ராணி இரண்டும் ஒரே மாதத்தில் இறங்கின. அதைப் பார்த்துவிட்டு ஆசையாகத் தொடங்கி, நாலைந்து இதழோடு காணாமல் போனவை வேறு. எல்லாவற்றையும் கடை முகப்பில் சணல் கயிறு கட்டித் துணி கிளிப்பில் தொங்கவிடுவோம். மேற்கு வெயில் நேரே அடிக்கும். பத்து நாளில் அட்டையின் சிவப்பு வெளுத்து ரோஸாகிவிடும். அதைத்தான் 'விற்கவில்லை' என்று கட்டித் திருப்பி அனுப்புவோம். அதை அவர்கள் யாரிடம் விற்க முடியும்?

பணம் கொடுக்கும் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். தினசரிக்காரர்களுக்கு முதலில் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே கட்டு வராது. அடுத்தது வார இதழ்கள். மிச்சமிருந்தால் காமிக்ஸ். முத்து, லயன் வெளியாகும் சிவகாசியிலிருந்து பாக்கியைக் கேட்டு அஞ்சலட்டை வரும். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்டா" என்பார் அப்பா. கட்டை நிறுத்தினால் பழைய பாக்கி மொத்தமாகப் போய்விடுமோ என்று அவர்களும் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார்கள். எங்களைப் போல ஊருக்கு ஒரு கடை இருந்தால் போதாதா? புத்தகம் விற்றுத் தீர்ந்தும் பதிப்பாளர் கடன்காரர் ஆவது இப்படித்தான்.

இப்போது விலைக்கு வருகிறேன். வெளிநாட்டுக் கதை என்றால் உரிமைத் தொகை உண்டு. பிரான்ஸுக்கோ இத்தாலிக்கோ யூரோவில் போக வேண்டும். விற்றாலும் விற்காவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். பிறகு மொழிபெயர்ப்பு. பிரெஞ்சில் நாலு சொல்லில் முடிகிற வசனம் தமிழில் நீளமாக வந்து நிற்கும். வசனம் எழுதும் பலூன் கட்டம் மட்டும் அதே அளவுதான். எழுத்தைச் சுருக்கி, வரியை உடைத்து, அதற்குள் அடைக்க, கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபிக்காரருக்குப் பக்கத்துக்குப் பக்கம் போராட்டம். அப்புறம் நாலு வண்ணத்துக்கும் அச்சுத் தகடு. இதெல்லாம் சேர்த்து, கணக்குக்காக, ஒரு லட்சம் என்று வையுங்கள். 10,000 பிரதி அடித்தால் புத்தகத்துக்கு 10 ரூபாய். 1,000 அடித்தால் 100 ரூபாய். காகிதம், அச்சுக்கூலி, பைண்டிங் எல்லாம் அதற்கு மேல்தான். விலை ஏறியதால் வாசகர் குறைந்தாரா, வாசகர் குறைந்ததால் விலை ஏறியதா என்று கேட்டால், கடையிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இரண்டாவதைத்தான் சொல்வேன். தினத்தந்தி குழுமம் பின்னால் நின்ற ராணி காமிக்ஸே 500 இதழ்களோடு 2005-ல் நின்றுவிட்டது.

சிவகாசிக்காரர்கள் 2012-க்குப் பிறகு வண்ணத்தில் எழுந்து நின்றதற்குக் காரணம் சந்தா என்பது என் எண்ணம். முன்பணம் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு அனுப்பினால், நடுவில் என் அப்பா மாதிரி ஆள் கிடையாது. ஆனால் வீட்டுக்கு அனுப்புவதிலும் இப்போது இடி. புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் தபால் துறை நிறுத்தியது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்று புத்தகங்களுக்கான புதிய அஞ்சல் சேவை ஒன்று வந்தது. பருவ இதழ்களுக்கு அது செல்லாது. மாதம் தவறாமல் வரிசை எண்ணோடு வரும் காமிக்ஸ் புத்தகமா, பருவ இதழா? போதாக்குறைக்கு 2025 செப்டம்பரில் காகிதத்துக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. புத்தகத்துக்கு வரி இல்லையே என்பார்கள். வரி இல்லாத பொருள் என்பதாலேயே காகிதத்துக்குக் கட்டிய வரியைப் பதிப்பாளர் கழித்துக்கொள்ள முடியாது. அதுவும் அந்த இருநூறு ரூபாய்க்குள்தான் இருக்கிறது.

நம் ஊரில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் காமிக்ஸ் விநியோகத்தைப் பல காலம் கையில் வைத்திருந்த டயமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. அடுத்து, சிறு பதிப்பாளர்கள் விற்றுத்தரச் சொல்லிக் கிடங்கில் போட்டிருந்த புத்தகங்களையே விற்றுக் கடனை அடைக்க அனுமதி கேட்டு நீதிமன்றத்தில் நின்றது. செய்தியைப் படித்தபோது எங்கள் கடைதான் ஞாபகம் வந்தது. அளவு வேறு, புத்தி ஒன்று.

இன்னொன்று. இருநூறு ரூபாய்க்கு முகம் சுளிக்கும் அதே ஆட்கள்தான் பழைய இதழ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறார்கள். அதில் பதிப்பாளருக்கு ஒரு பைசா கிடையாது. வாட்ஸாப்பில் பி.டி.எஃப். கேட்கிறவர்களைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், விடுகிறேன்.

அப்பா காலமான பிறகு கடையின் பரணைக் காலி செய்தேன். திருப்பி அனுப்பாமல் விட்ட கட்டு ஒன்று, சணல்கூடப் பிரிக்காமல் கிடந்தது. மூன்று ரூபாய் இதழ் 60. உள்ளே பில்: கமிஷன் போக 135 ரூபாய். பணம் கட்டியதற்கு ரசீது எதுவும் இல்லை. எப்படியோ கேள்விப்பட்டு மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டே இரண்டு பிரதிக்கு 4,000 ரூபாய் எண்ணி வைத்துவிட்டுப் போனார். அந்தப் பதிப்பகம் இப்போது இல்லை. இருக்கிற ஒன்றுக்கு அந்தப் பணத்தில் சந்தா கட்டினேன். மிச்சம் 58 பிரதி வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய பத்திரிகைக் கடைக்காரர் மகன்,
விருதுநகர் மாவட்டம்