மறுபடியும் வரச் சொன்னீர்கள்: சேர்க்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கும் சேர்க்கைக் குழுப் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். மதுரையில் மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபத்துக் கடைகளிலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறி வந்த தையல்காரர்களில் ஒருவன் எழுதுகிறேன். உங்கள் கல்லூரியின் பெயரை எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. என் மகள் இப்போது உங்கள் விடுதியில் இருக்கிறாள். ஆமாம், சீட் கொடுத்துவிட்டீர்கள். கொடுத்ததால்தான் எழுதவே முடிகிறது. கிடைக்காமல் போயிருந்தால் வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று ஓரமாகப் போட்டிருப்பீர்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மே மாதம் நடுவில் ஒரு நேர்காணல். வந்தோம், முடித்தோம், "தெரிவிக்கிறோம்" என்றீர்கள். பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்குப் போன் வந்தது. வியாழன் காலை 9 மணிக்கு இரண்டாவது நேர்காணல், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளோடு வர வேண்டும். எதுக்கு மேடம் ரெண்டாவது என்று பிள்ளை கேட்டாள். "கமிட்டியில சொல்லியிருக்காங்கம்மா" என்று வைத்துவிட்டார்கள்.

புதன்கிழமை ராத்திரி ரயிலுக்கு ஸ்லீப்பர் தட்கல் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குத் திறக்கும். உங்கள் போன் வந்தபோது அது திறந்து, தீர்ந்து, ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. காலையிலேயே கூப்பிட்டிருந்தால் படுத்துக்கொண்டாவது வந்திருப்பாள்.

மே கடைசி எங்களுக்கு யூனிஃபார்ம் சீசன். வருஷம் முழுக்க வாங்கிய கடனை அந்த ஐந்தாறு வாரத்தில்தான் அடைப்போம். கட்டிங் போட்டு வைத்த பள்ளிக்கூடச் சட்டைகள் மிஷின் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தன. மகள் தயங்கித் தயங்கி, "அன்னைக்குப் போட்டதையே போட்டுட்டுப் போனா நல்லாருக்குமாப்பா?" என்று கேட்டாள். நல்ல சுடிதார் அவளிடம் ஒன்றுதான் இருந்தது. தையல்காரன் வீட்டில் அப்படித்தான் இருக்கும். செவ்வாய் ராத்திரி சட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு அவளுக்கு ஒன்று தைத்தேன்.

அதை மாட்டுத்தாவணியிலிருந்து சென்னை கிளாம்பாக்கம் வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். பையில் போட்டால் கசங்குமாம். இடையில் எங்கோ தூங்கிவிட்டாள், அவள் கை மேலேயே அழுந்திக் கசங்கிவிட்டது. விடியற்காலை பஸ் ஸ்டாண்ட் கழிவறையில் ஒரு கையில் சர்டிஃபிகேட் ஃபைலைப் பிடித்துக்கொண்டே மாற்றியிருக்கிறாள், கீழே ஈரம் என்று. வெளியே வந்தபோது இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரே சுருக்கம். முப்பது வருஷமாக ஊராருக்குத் துணி தைத்துத் தேய்த்து மடித்துக் கொடுப்பவன் நான். கையால் நீவிவிடத்தான் முடிந்தது. அங்கிருந்து தாம்பரம் வரை டவுன் பஸ். அவளுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு மட்டும்தான். அந்த மட்டில் அரசாங்கத்துக்கு நன்றி.

9 மணிக்கு வரச் சொன்னீர்கள், எட்டரைக்கே வந்துவிட்டோம். பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. கேட்டுக்கு வெளியே நிழல் எங்கெங்கே நகர்கிறதோ அங்கங்கே நகர்ந்து நின்றோம், என்னைப் போல இருபது முப்பது பேர். சாப்பிடப் போன நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று என் மகள் உள்ளே பச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டது மாலை 3.20-க்கு. நாலு நிமிஷம்.

அந்த நாலு நிமிஷத்தில் என்ன கேட்டீர்கள்? அப்பா என்ன செய்கிறார்? டெய்லர் மேடம். கடை சொந்தமா? மதுரையிலேயே நல்ல காலேஜ் இருக்கே, ஏன் இங்கே? ஹாஸ்டல் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வாய்? போகலாம். முதல் மூன்றும் முதல் நேர்காணலில் கேட்டவை. தகப்பன் தொழில் விண்ணப்பத்திலும் இருக்கிறது. பத்து நாளில் என்ன, கலெக்டர் ஆகிவிட்டேனா?

மதுரையில் நல்ல கல்லூரி இருப்பது எங்களுக்கும் தெரியும். அமெரிக்கன் கல்லூரி 1881-லிருந்து இருக்கிறது, லேடி டோக் 1948-லிருந்து. உங்கள் பொருளியல் துறைக்கு இருக்கும் பேரைக் கேட்டு அவள் ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். உள்ளூரிலும் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்டக் கடைசி நாள் அதே வியாழன். இரண்டும் கெட்டானாகப் போய்விடக் கூடாதே என்று தண்டலுக்கு வாங்கிப் புதன்கிழமையே அங்கே கட்டினேன். பிறகு கேட்டபோது முழுசாகத் திருப்பித் தந்தார்கள், நல்லவர்கள். தண்டல்காரர் வட்டியைத் திருப்பித் தரவில்லை.

திரும்பி வரும்போது விழுப்புரம் தாண்டியதும், தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்திருந்த பிள்ளை கேட்டாள். "மொத தடவை நான் என்னப்பா தப்பாச் சொன்னேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் கேட்கிறேன்: இரண்டாவது நேர்காணல் வேண்டும் என்றால் முதல் நேர்காணல் அன்றே சொல்லுங்கள், எதற்கு என்றும் சொல்லுங்கள், அன்றைக்கே வைத்து முடித்துவிடுங்கள்.

நான் வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டும் கவுனும் தைப்பவன். அளவு கொடுக்க வந்த ஒரு வக்கீல் சாரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு பழைய வழக்கைச் சொன்னார். ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிஷம். அப்பா யார், எந்த ஊர் என்றே பெரும்பாலும் கேட்டார்கள் என்று வழக்குப் போட்ட மாணவர்களும் சொல்லியிருக்கிறார்கள். 1980-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது நியாயமில்லை என்று தீர்ப்பு எழுதினார்களாம். நேர்காணலை டேப்பில் பதிவு செய்தால் நல்லது என்றும் சொன்னார்களாம். அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்துமா என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் கேள்வி மாறவில்லையே என்று வக்கீல் சார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கை அளவு 23 என்று எழுதிக்கொண்டேன்.

மத்திய அரசே குமாஸ்தா மாதிரியான குரூப் சி வேலைகளுக்கு நேர்காணல் வேண்டாம் என்று 2016 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டது. சம்பளம் கொடுக்கிறவர்கள் முகம் பார்க்காமல் எடுக்கிறார்கள். நாங்கள் பணம் கட்டும் இடத்தில் இரண்டு தடவை முகம் காட்ட வேண்டியிருக்கிறது. எங்களுக்கு எல்லாமே இரண்டு தடவைதான். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை, நாளைக்கு வா. ஊசி குத்திக் குத்தித் தேய்ந்த விரல், நாளைக்கு மட்டும் எப்படி விழும்? வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை, பாஸ்புக்கோடு திரும்ப வா. வருமானச் சான்றிதழுக்கு... சரி, அதெல்லாம் உங்கள் தப்பு இல்லை. எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

என் தொழிலில் ஒருவரை இரண்டாம் தடவை அளவுக்குக் கூப்பிட்டால், முதல் தடவை நான் சரியாக எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். அவர் உடம்பு மேல் குற்றம் சொல்ல மாட்டேன். வந்து போன ஆட்டோ காசையும் கூலியில் கழித்துக்கொள்வேன். உங்களிடம் பஸ் காசு கேட்கவில்லை. ஒரு வழி 400 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு தடவை வந்து போனோம், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பொருளியல் துறை இருக்கிறதே.

குறையை மட்டும் சொல்லக் கூடாது. பிள்ளை அங்கே நன்றாக இருக்கிறாள். ஆசிரியர்கள் அருமையாகப் பாடம் நடத்துகிறார்கள் என்கிறாள். விடுதிச் சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்களாம், அதை இந்த மடலில் சேர்க்க வேண்டாம் என்று சொன்னாள்.

ஆகவே தயவுசெய்து, அடுத்த வருஷத்து விண்ணப்பப் படிவம் அச்சாவதற்கு முன்னால் இதை யோசியுங்கள். ஒரே நாளில் முடியுங்கள். முடியவே முடியாது என்றால், இரண்டாவதைப் போனிலோ வீடியோவிலோ கேளுங்கள். நாலு நிமிஷந்தானே.

எனக்கு அடுத்த மிஷினில் காஜா எடுக்கிற அக்காவின் மகள் இந்த வருஷம் பன்னிரண்டாவது. அவளும் உங்கள் கல்லூரிக்குத்தான் போடப்போகிறாள். "ரெண்டு தடவை போக வேண்டியிருக்குமாண்ணே? இப்பவே சீட்டுப் பணத்துல எடுத்து வைக்கணும்" என்று அந்த அக்கா நேற்றுக் கேட்டார்கள். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விடுதியில் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா,
மதுரை