இலையுதிர்காலம் கைகளுக்கு வேலை தரும் காலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலையுதிர்காலத்தில் முதியவர்கள் தங்களை எப்படிப் பாதுகாத்துக்கொள்வது என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். தடுப்பூசி போடுங்கள், வழுக்காத சப்பாத்து அணியுங்கள், விற்றமின் டி எடுங்கள் என்று அதில் சொன்னவை எல்லாம் சரி. நானும் செய்கிறேன். ஆனால், இனி ஏப்ரல் வரை வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டியதுதான் என்று கடைசிப் பந்தியில் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. செப்ரெம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் முடியும்வரை உள்ள இந்த நாட்களைப் போல, கைக்கும் மனத்துக்கும் வேலை தருகிற நாட்கள் இந்தக் கனடா நாட்டில் வேறு இல்லை. அறுபது வயதைத் தாண்டி, முழங்கால் தேய்மானத்தோடு, ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் இருக்கிறவள் நான். அனுபவித்துத்தான் எழுதுகிறேன்.

நான் கம்பளி நூலில் பின்னப் பழகியது இந்த இலையுதிர்காலத்தில்தான். எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் துணி துவைக்கும் அறை இருக்கிறது. மெஷின் ஓடி முடியும்வரை எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாலாம் மாடியில் இருக்கும் போர்த்துக்கேய அம்மா ஒருவர் மட்டும் கதிரையில் இருந்து பின்னிக்கொண்டிருப்பார். நூலைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருப்பார். மற்றவர்கள் நூலை விரலில் சுற்றிப் பிடிப்பதைத்தான் முன்பு கண்டிருக்கிறேன். போர்த்துக்கல் நாட்டு முறை வேறு. உருண்டையிலிருந்து வரும் நூல் பின்கழுத்தைச் சுற்றி முன்னால் வரும். சிலர் சட்டையில் நெஞ்சுப் பக்கம் ஒரு கொக்கியைக் குத்தி அதற்குள்ளால் நூலை விடுவார்கள். எப்படிச் செய்தாலும் நூலின் இறுக்கத்தைக் கை பார்க்கத் தேவையில்லை. இடது பெருவிரலால் நூலை மெல்லத் தட்டிவிட்டால் அது ஊசியில் ஏறிவிடும். என்னுடைய வலது சுட்டுவிரல் குளிர்காலையில் இலேசில் மடங்காது. இந்த முறையில் அந்த விரலுக்குப் பெரிய வேலை இல்லை. மூட்டுவலி என்று சொல்லிக் கைவேலையை விட்டுவிட்டவர்கள் இதை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்குப் போர்த்துக்கேயம் தெரியாது. ஆங்கிலம் இருவருக்கும் அளவாகத்தான். அவர் செய்து காட்டுவார், நான் பார்ப்பேன், பிறகு என் கையைப் பிடித்து ஊசியைத் திருப்பிவிடுவார். மெஷின் நின்ற பிறகும் இருவரும் எழும்ப மாட்டோம். இத்தனை காலம் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கியும் தலையசைப்புக்கு மேல் எங்களுக்குள் ஒன்றும் இருந்ததில்லை.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு, எனக்கு உதவியதைச் சொல்கிறேன். ஊசி 5 மில்லிமீற்றர், மூங்கிலில் செய்தது. உலோக ஊசியில் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், சறுக்கும், மூங்கில் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். நூலின் உறையில் 4 என்ற இலக்கம் போட்டிருந்தால் அது நடுத்தரத் தடிப்பு, அந்த ஊசிக்குப் பொருந்தும். மென்மஞ்சள், வெளிர்பச்சை என்று வெளிறிய நிறமாக எடுங்கள். கறுப்பும் கடும்நீலமும் வடிவாகத்தான் இருக்கும். ஆனால் நவம்பர் மாலையில் மின்குமிழ் வெளிச்சத்தில் கண்ணிகளை எண்ண முடியாது. மயிர்மயிராக நிற்கும் நூலும் வேண்டாம், கண்ணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது.

முதல் வேலையாக ஸ்வெட்டரை நினைக்காதீர்கள். பருத்தி நூலில் பாத்திரம் கழுவும் துணி ஒன்று பின்னுங்கள். பின்னலில் அடிப்படை இரண்டே கண்ணிகள்தான்: நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் போடுவது நிட், முன்னால் வைத்துப் போடுவது பேர்ல். எல்லா வரிகளையும் ஒரே கண்ணியில் பின்னிக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், ஓரம் சுருளாது. போர்த்துக்கேய முறையில் பேர்ல்தான் இலகு, அதனால் நான் வரிக்கு வரி பேர்ல் போட்டேன். செலவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: துணிக்கு வேண்டிய பருத்தி நூலுக்கு ஒரு கோப்பியும் டோனட்டும் வாங்கும் காசு போதும். கடைகளில் கிடைக்கும் பேர்னற், லிலி நூல்களின் உரிமையாளர்களான ஸ்பின்றைற் நிறுவனம் நம் ஒன்ராறியோவின் லிஸ்ரவல் என்னும் சிறிய ஊரில்தான் இருக்கிறது.

ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால் அது வரிவரியாகக் கீழே இறங்கும். குரோஷா என்ற கொக்கி ஊசியால் ஒவ்வொரு வரியாகப் பிடித்து மேலே கொண்டுவந்துவிடலாம். முழுவதையும் அவிழ்த்தாலும் நூல் நூலாகவே இருக்கும், திரும்பப் பின்னலாம். வெட்டிய துணியில் இது நடக்காது. வயது போன பிறகு எதைத் தொட்டாலும் "கவனம், கவனம்" என்றே கேட்டுப் பழகிய எங்களுக்கு, எத்தனை தரம் பிழைத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாத ஒரு வேலை கிடைப்பது எவ்வளவு நிம்மதி! அரைமணி நேரம் கழித்து மடியைப் பார்த்தால் இரண்டு விரல் அகலம் கூடியிருக்கும். அந்த இரண்டு விரல் அகலத்துக்காக அடுத்த நாள் விடியக் காத்திருந்தேன்.

தொப்பி, கழுத்துத்துண்டு என்று போகும்போது நூலுறையில் உள்ள கழுவும் குறிகளைக் கட்டாயம் பாருங்கள். சுத்தக் கம்பளியைச் சுடுநீரில் போட்டு மெஷினில் சுழற்றினால் அது இறுகிச் சுருங்கிவிடும். சூப்பர்வாஷ் என்று போட்டிருந்தால் மெஷினில் போடலாம். அக்றிலிக் சுருங்காது, விலையும் குறைவு. ஆனால் ஈரம் பட்டாலும் சூடு தருவது கம்பளிதான்.

இதெல்லாம் நமக்குப் பழக்கமில்லாதது என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் மழை நாட்களில் அம்மா பனையின் சார்வோலை வார்ந்து நீத்துப்பெட்டியும் குட்டான் என்ற சிறு பெட்டியும் இழைப்பார். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கடையில் வாங்கிய ஞாபகமே எனக்கு இல்லை. ஓலையை நனைத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, வாயில் ஒரு ஈர்க்கை வைத்துக்கொண்டு அவர் இழைத்ததை நாங்கள் சுற்றியிருந்து பார்த்துத்தான் வளர்ந்தோம். இது பெண்களின் வேலை என்று ஒதுங்குகிற ஐயாமாருக்கும் ஒன்று சொல்கிறேன். கரையோர ஊர்களில் வலை பின்னியதும் கிழிந்த வலையைப் பொத்தியதும் ஆண்கள்தான். அந்தக் கைகள் பல இன்று ஸ்காபரோவின் வரவேற்பறைகளில் சும்மா கிடக்கின்றன.

குசினிக்கு வருகிறேன். பின்னல் சொல்லித்தந்ததற்கு நான் கொடுத்த குருதட்சணை கேல் வறை. போர்த்துக்கேயர் தங்கள் பச்சைச் சூப்புக்கு இலையைத் தலைமயிர் மொத்தத்துக்கு அரிவார்கள். நாம் வறைக்கு அரிவதும் அப்படித்தானே! கேல் கீரையைக் கோடையில் வாங்கிக் கசக்கிறது என்று எறிந்தவர்கள் இப்போது வாங்கிப் பாருங்கள். உறைபனி பட்ட கேல் இனிக்கும். குளிரைத் தாங்குவதற்காகச் செடி தன்னிடம் உள்ள மாப்பொருளைச் சீனியாக மாற்றிக்கொள்கிறது. நடுநரம்பை உரித்தெடுத்து, இலைகளை அடுக்கிச் சுருட்டி, நல்லாய் மெல்லிசாக அரியுங்கள். கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் வதங்கியதும் கீரையைப் போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து, ஒரு கை தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். கடைசியாகத் தேங்காய்ப்பூ. இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப் புளி. அந்த அம்மா ஒரு கோப்பை நிறைய வெறுமனே சாப்பிட்டு, தேங்காயைக் காட்டி இது என்ன, எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

அடுத்தது கிரான்பெரி ஊறுகாய். ஒக்ரோபர் இரண்டாம் திங்கள் வருகிற நன்றி தெரிவிக்கும் நாளையொட்டி இந்தச் சிவந்த பழங்கள் பைபையாகக் கடைகளுக்கு வரும். ஒன்ராறியோவில் மஸ்கோக்காப் பக்கம் பாலா என்ற ஊரில் விளைகிறது. தோட்டத்தில் தண்ணீரை நிரப்பிவிடுவார்கள், பழத்துக்குள் காற்றறைகள் இருப்பதால் எல்லாம் மிதந்து மேலே வரும், வாரி எடுப்பார்கள். இந்நாட்டவர் சீனி போட்டு வான்கோழியோடு சாப்பிடுகிற இந்தப் பழத்தில், மாங்காய்க்கு ஈடான புளிப்பு இருக்கிறது. நல்லெண்ணெயில் கடுகு வெடித்ததும் பெருங்காயம் போட்டு, பழத்தைக் கொட்டுங்கள். படபடவென்று வெடிக்கும், சற்றுத் தள்ளி நில்லுங்கள். பாதிப் பழம் வெடித்த பதத்தில் மிளகாய்த்தூள், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம். தளதளவென்று இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். இந்தப் பழத்தில் ஜாமை இறுக வைக்கும் பெக்ரின் நிறைய உண்டு, ஆறும்போது தானாகவே இறுகும். சோற்றுக்கும் தயிருக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்? பேரப்பிள்ளைகள் பாணில் பூசிச் சாப்பிடுகிறார்கள்.

பூசணிக்காய் பற்றியும் எழுதலாம், இடம் போதாது. ஹலோவீனுக்கு முகம் வெட்டுகிற பெரிய காய்கள் தண்ணியும் நாருமாக இருக்கும், கறிக்கு உதவாது. கபோச்சா என்று விற்கிற பச்சைத்தோல் காய்தான் நம் ஊர்ப் பூசணிக்குக் கிட்ட வரும். தோலோடு பால்கறி வையுங்கள்.

பிள்ளைகளோடு செய்யக்கூடிய ஒன்றும் சொல்ல வேண்டும். பகல் வெயிலாகவும் இரவு குளிராகவும் உள்ள நாட்களில் மேப்பிள் இலைகள் நல்ல சிவப்பாக வரும். மஞ்சள் நிறம் ஏற்கெனவே இலைக்குள் இருந்தது, பச்சையம் கரைந்துபோனதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை, இலைக்குள் தங்கிய சீனியிலிருந்து மரம் அதை இந்த நாட்களில்தான் புதிதாக ஆக்குகிறது. பேத்தி இதைக் கேட்டதும் ஒவ்வொரு இலையாகத் தூக்கி, "அம்மம்மா, இது பழசா புதுசா?" என்று பிரித்துவைத்தாள். உருக்கிய தேன்மெழுகில் இலையை ஒருதரம் தோய்த்து எடுத்துத் தொங்கவிட்டால் நிறம் பல கிழமைகளுக்கு நிற்கும். மெழுகை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும், அது பெரியவர்களின் வேலை. சரஸ்வதி பூசைக்கு மாவிலைத் தோரணத்துக்குப் பதிலாக இந்த இலைகளைத்தான் கோத்துக் கட்டினோம். இலைகளை உங்கள் கட்டட வாசலிலேயே பொறுக்குங்கள். றூஜ் தேசிய நகர்ப்பூங்காவுக்குப் போனால் பார்த்துவிட்டு வர வேண்டும், அங்கிருந்து ஒன்றும் எடுத்து வரக் கூடாது.

இனி என் வேண்டுகோள். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மக்களும் மருமக்களும் வேலை முடிந்து வர ஆறரை, ஏழு ஆகும். நம் முதியவர்களை உருக்குவது குளிரைவிட அந்த இரண்டு மணி நேரம்தான். எங்கள் முதியோர் சங்கங்களும் கோயில் மண்டபங்களும் அந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒரு பிற்பகல், ஒரு மேசையும் பத்துக் கதிரையும் தந்தால் போதும். மேடை, பொன்னாடை, ஒலிவாங்கி ஒன்றும் வேண்டாம். மண்டபம் இல்லாத இடங்களில் இருப்பவர்கள் அருகிலுள்ள பொது நூலகத்தில் விசாரியுங்கள். ரொறன்ரோவில் 100 கிளைகள் இருக்கின்றன, சிலவற்றில் பின்னல் குழுக்கள் கூடுகின்றன. ஆங்கிலம் போதாது என்று தயங்க வேண்டாம், கையைப் பார்த்தே பழகலாம்.

உங்களிடம் கேட்பது, அடுத்த இலையுதிர்காலத்திலாவது ஒக்ரோபர், நவம்பர் இதழ்களில் அரைப்பக்கத்தைக் கைவேலைக்கும் இங்கு விளையும் காய்கறிகளில் நம் சமையலுக்கும் ஒதுக்குங்கள். வாசகர்கள் செய்தவற்றின் படங்களைப் போடுங்கள், முதன்முதலாகப் பின்னிய கோணல் துணியாக இருந்தாலும் போடுங்கள். அதைப் பார்த்துத்தான் இன்னொருவர் தொடங்குவார்.

மல்வேர்ன் பக்கம் மண்டபம் தரக்கூடியவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு அறிவிக்கட்டும். முதல் மேசைக்கு வேண்டிய நூலையும் ஊசிகளையும் நான் கொண்டுவருகிறேன். போர்த்துக்கேய அம்மாவும் வரச் சம்மதித்திருக்கிறார். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் எங்களுக்கு வசதி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மல்வேர்ன், ஸ்காபரோ.