பிள்ளைகளின் திடல் நேரம் குறித்துப் பினாங்குத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பட்டர்வொர்த் வட்டாரத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நீண்ட காலம் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அண்மையில் ஒரு பள்ளியில், மூளையின் இரு பக்கங்களையும் இணைத்து மதிப்பெண்ணை உயர்த்தும் என்று விளம்பரம் செய்யப்பட்ட உடலசைவுப் பட்டறைக்குப் பெற்றோரிடம் பணம் திரட்டியதையும், அதே பள்ளியில் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதையும் என் பேத்தி ஒரே வாரத்தில் வந்து சொன்னாள். இம்மடலுக்கு அதுவே காரணம்.

அந்தப் பட்டறையில் கற்பித்தவை பெரும்பாலும் 1980களில் அமெரிக்காவில் டென்னிசன் தம்பதியர் ‘பிரைன் ஜிம்’ என்ற பெயரில் பரப்பிய பயிற்சிகளின் வழிவந்தவை. வலது முழங்கையால் இடது முழங்காலைத் தொடுவதில் கெடுதல் எதுவும் இல்லை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்வார்கள். ஆனால் காறை எலும்பின் கீழ் விரலால் தேய்த்தால் மூளைக்கு இரத்த ஓட்டம் கூடி வாசிப்பு வளரும் என்பது போன்ற கூற்றுகளுக்கு, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் நம்பத்தக்க சான்று காணவில்லை. மூளையின் இரு அரைக்கோளங்களையும் கார்ப்பஸ் கலோசம் என்னும் நரம்பிழைக் கற்றை ஏற்கெனவே இணைத்துத்தான் வைத்திருக்கிறது. அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

இப்படிச் சொல்வதால் அசைவு வேண்டாம் என்று பொருளாகாது. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிரமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியில் கூறுகிறது. அடுக்குமாடியின் பதினோராம் மாடியிலிருந்து பள்ளி வேனுக்கும், பள்ளியிலிருந்து டியூசனுக்கும் போய்வரும் பிள்ளைக்கு அந்த 60 நிமிடம் எங்கே கிடைக்கிறது? இடைவேளையில் பாதி கேண்டீன் வரிசையிலேயே போய்விடுகிறது.

உட்செவியின் சமநிலை உறுப்பும், தசையும் மூட்டும் அனுப்பும் செய்திகளும், கண் காண்பதும் சிறுமூளையில் ஒன்றுகூடித்தான் உடல் தன்னை நிறுத்திக்கொள்ளப் பழகுகிறது. இதை வளர்க்கும் விளையாட்டுகள் நம்மிடம் ஏராளம். நொண்டியடிக்கும் பிள்ளை, கோட்டை மிதிக்காமல் ஒற்றைக் காலில் நின்று சில்லைக் குனிந்து எடுக்கிறது. மலாய்க்காரர்கள் பத்து செரம்பான் என்று அழைக்கும் ஐந்தாங்கல்லில், மேலே வீசிய கல் இறங்கி வருவதற்குள் கீழே கிடப்பதை அள்ள வேண்டும்; கண்ணும் கையும் ஒரு நொடி பிசகினாலும் ஆட்டம் போயிற்று. சிலம்பத்தின் காலடி வைப்பு இடமும் வலமும் மாறி மாறி வருவது. கோலாட்டமோ, தன் உடலோடு எதிரில் நிற்பவரின் தாளத்தையும் கவனிக்க வைக்கிறது. இவற்றால் மதிப்பெண் கூடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். எதைப் பழகுகிறோமோ அதுதான் முதலில் கைவரும். ஓடி ஆடிவிட்டு வரும் வகுப்பு கொஞ்ச நேரம் நன்றாகக் கவனிக்கும் என்பதை மட்டும் என் வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதில் எனக்குக் குற்ற உணர்வும் உண்டு. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல், கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுத முடியாமல், நடக்கும்போது மேசையில் இடித்துக்கொண்டே இருந்த ஒரு பையனைச் சோம்பேறி என்று நினைத்து, எழுதி முடிக்கும்வரை இடைவேளைக்கு அனுப்பாமல் ஓராண்டு முழுவதும் உட்கார வைத்தேன். அசைவு ஒருங்கிணைப்பு வளர்ச்சிக் குறைபாடு என்று ஒன்று இருப்பதும், பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காட்டினருக்கு அது உண்டு என்பதும், அதாவது முப்பது பேர் வகுப்பில் ஒருவரோ இருவரோ இருக்கலாம் என்பதும், அவன் ஆறாம் ஆண்டு முடித்துப் போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அத்தகைய பிள்ளைக்குப் பட்டறையும் போதாது, நொண்டியாட்டமும் போதாது; அரசாங்க மருத்துவமனையில் அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குப்பேஷனல் தெரபி பிரிவுக்குப் பரிந்துரை பெற்றுத்தர வேண்டும்.

ஆகவே அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுப்பதில்லை என்றும், தண்டனையாக இடைவேளையை மறுப்பதில்லை என்றும் தலைமையாசிரியருடன் பேசித் தீர்மானம் நிறைவேற்றுங்கள். பட்டறைக்குத் திரட்டும் பணத்தில் கயிறும் பந்தும் சிலம்பக் கம்பும் வாங்கலாம். திடலில் நொண்டிக் கட்டம் போட ஒரு டின் வெள்ளைச் சாயம் போதும். கட்டம் போடும் நாளைச் சொல்லியனுப்பினால் நானும் தூரிகையோடு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு