கஞ்சாப் படம் என்று ஒதுக்கிவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் ஈரோட்டில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து 2008-ல் வந்த 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்கிற ஆங்கிலப் படம் பார்த்தோம். கஞ்சாப் படம் என்று பாதிப் பேர் பார்க்காமலே திட்டுகிறார்கள், ஆனால் அதில் கஞ்சா யாரையும் ஹீரோ ஆக்கவில்லை. கோர்ட் சம்மன் கொடுக்கிற ஒருவன் கொலையைப் பார்த்துப் பதறிப்போய், பிடித்துக்கொண்டிருந்த கஞ்சாவை அங்கேயே போட்டுவிட்டு ஓடுகிறான். அது அரிய ரகம் என்பதால், கொலைகாரன் அதை வைத்தே விற்றவனைக் கண்டுபிடிக்கிறான். கொலையைப் பார்த்தவனும் கஞ்சா விற்றவனும் சேர்ந்து ஓடுவதே அந்தக் கஞ்சாத் துண்டால்தான்.

சண்டைக் காட்சிகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் ஊர்ப் படத்தில் ஹீரோ பத்துப் பேரைப் பறக்கவிட்டாலும் சட்டை கசங்காது, இங்கே ஒரு வீட்டுக்குள் அடித்துக்கொள்கிற மூன்று பேருக்குமே சண்டை போடத் தெரியாது, கையில் கிடைத்ததை எடுத்து அடித்து, மூச்சு வாங்கி, வலியில் கத்துகிறார்கள். கார் துரத்தலில் கண்ணாடியை உதைக்கப் போனவனின் கால் அதிலேயே மாட்டிக்கொள்கிறது பாருங்க, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் பஸ் காசுக்காகப் பள்ளிப் பையன்களிடம் கஞ்சா விற்பதையும் காமெடி ஆக்கியிருக்கிறார்கள், அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாயகனுக்குப் பள்ளி மாணவி காதலி என்பதும் அப்படித்தான். அப்புறம் கடைசித் துப்பாக்கிச் சண்டை, முடியவே மாட்டேன் என்கிறது. பெரியவர்கள் தாராளமாகப் பார்க்கலாம், வீட்டில் பிள்ளைகள் தூங்கினதுக்கு அப்புறம் போடுங்க.

ஒரு வாசகர்,
பெருந்துறை.