கால் மைல் வட்டம்

2025 பிப்ரவரி

அன்புள்ள மீனு,

போன ஞாயிறு ராத்திரி "அப்பா, டிவியில காட்டுறது நம்ம ஸ்டேடியம்தானே?" என்று நீ போன் செய்தபோது அடுப்பில் பால் இருந்தது. பேச்சு சுவாரஸ்யத்தில் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்துவிட்டேன், அம்மாவுக்குத் தெரியாது.

அதேதான். நம்ம கார் பந்தய மைதானம், போமன் கிரே. சேஸ் எலியட் 200 சுற்று ஓட்டி ஜெயித்தாரே, அதே கால் மைல் வட்டம்தான். "எதுக்குப்பா என்னை அங்க கூட்டிட்டுப் போனீங்க?" என்றும் கேட்டாய். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

1992-ல் நாம் அமெரிக்காவில் இந்த வின்ஸ்டன்-சேலம் ஊருக்கு வந்தபோது உனக்கு இரண்டு வயது. கோடைக்காலத்தில் சனிக்கிழமை இருட்டினால் எங்கோ பத்து மாவு மில் சேர்ந்து ஓடுவதுபோல இரைச்சல் கேட்கும். என்னவென்று கேட்க அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது. அந்தச் சமயம் நம் பழைய காரில் கிளட்ச் போய்விட்டது. பட்டறைக்காரர் சரிசெய்து கொடுத்து, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "சனிக்கிழமை உனக்கு வேலை ஏதும் உண்டா?" என்றார். இந்த ஊரில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

போய்ப் பார்த்தால் மனிதர் ஹெல்மெட்டோடு நிற்கிறார். இருப்பதிலேயே கடைசிப் பிரிவு, அடிவாங்கி நசுங்கிய நாலு சிலிண்டர் கார். அன்று கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தார். திங்கட்கிழமை வழக்கம்போல யாருக்கோ ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். அங்கே ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான். வாரம் முழுக்க ஒரு வேலை, ராத்திரியில் வீட்டுக் கொட்டகையில் காரைத் தட்டி நிமிர்த்துவது, சனிக்கிழமை மறுபடி இடித்துக்கொள்வது.

இடிக்காமல் முடியாது என்பதை உனக்கு அப்போது விளக்கிச் சொன்னேனா, நினைவில்லை. அது அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தைச் சுற்றிப் போட்ட தடம். 1949-லிருந்து பில் பிரான்ஸும் ஆல்வின் ஹாக்கின்ஸும் அங்கே வாராவாரம் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். வளைவில் சாய்வு இருந்தால் வெளிப்பக்கமாகவும் முந்தலாம். இங்கே எல்லாம் தட்டை. உள்வரிசையை விட்டு விலகினவனை நாலு பேர் தாண்டிப் போய்விடுவார்கள். அதனால் முன்னால் போகிறவனின் பின் பம்பரில் மெல்ல ஒரு இடி, அவன் அரை அடி வெளியே வழுக்கும்போது உள்ளே மூக்கை நுழைப்பது, இதுதான் வழி. மெல்லத்தான் இடித்தேன் என்று இடித்தவன் சொல்வான். இடிபட்டவன் வேறு மாதிரி சொல்வான். மிச்சத்தைக் காரை விட்டு இறங்கிப் பேசிக்கொள்வார்கள். அந்த இடத்துக்குப் பைத்தியக்கார வீடு என்று பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை.

1998-ல் தாத்தா வந்திருந்தாரே, நினைவிருக்கிறதா? வேட்டியோடு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "ஒரே இடத்தையா சுத்துறானுங்க?" என்றார் முதல் பத்து நிமிஷம். அப்புறம் மாடிஃபைட் கார்கள், பந்தயத்துக்கென்றே மாற்றிக் கட்டியவை, இறங்கின. சக்கரம் நாலும் வெளியே துருத்திக்கொண்டு, தரையோடு பதுங்கி, பதினைந்து வினாடிக்குள் ஒரு சுற்று. தாத்தா எழுந்து நின்றுவிட்டார். சிவகங்கைப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு நடந்தே போய்ப் பார்த்த ஆள். "முன்னாடி போறவன் உள்ள வழி விட மாட்டேங்கிறான், பின்னாடி இருக்கிறவன் நாலாவது திருப்பத்துல தட்டுவான் பாரு" என்றார். தட்டினான். பந்தயம் முடிந்து காரில் ஏறும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு?

அங்கே ஓட்டுகிறவர்களில் நீ டிம் பிரவுன் கட்சி. நான் மையர்ஸ் கட்சி. அதற்கு ஒரு காரணம் உண்டு. பர்ட் மையர்ஸின் தாத்தா பில்லி மையர்ஸ், 1958 ஏப்ரலில், இதே தடத்தில் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பால் இறந்தவர். பில்லியின் தம்பி பாபி அதற்கு ஏழு மாதம் முன்பு டார்லிங்டன் பந்தய விபத்தில் போனார். அந்தக் குடும்பத்தில் அடுத்த தலைமுறையும் ஓட்டியது, அதற்கடுத்த பர்ட்டும் அவர் சகோதரர் ஜேசனும் ஓட்டினார்கள். அவர்கள் அம்மா படியில் உட்கார்ந்து எப்படிப் பார்த்தாரோ என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். உன் பிரவுன் நூறு வெற்றிக்கு மேல் எடுத்தவர், மறுக்கவில்லை. இந்தத் தடவை எலியட் ஜெயித்த அந்தப் பெரிய கார்களுக்கான போட்டியிலும் பிரவுனும் பர்ட்டும் இறங்கினார்கள் பார்த்தாயா? பிரவுனுக்கு ஐம்பத்து மூன்று வயது. உன் பெருமையைக் கெடுப்பானேன், நானும் கை தட்டினேன்.

சரி, அந்த 2003 விஷயம். சாப்பாட்டுக் கடை வரிசையில் தொப்பி போட்ட ஒருவன் நம்மைப் பார்த்து ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னான். "அப்பா, அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டாய். உனக்குப் பதின்மூன்று வயது, காது நன்றாகவே கேட்கும். "குடிச்சிருக்கான், விடு" என்றேன். அடுத்த வாரம் நீ வரவில்லை. நான் போனேன். அம்மாவிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். பட்டறைக்காரர் தடத்தில் இருப்பார், நான் போகாவிட்டால் தொப்பிக்காரன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது தப்பு.

அப்போதே உனக்கு வெண்டல் ஸ்காட் கதையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்து வர்ஜீனியாவில் டான்வில்காரர், கறுப்பினத்தவர், தன் காரைத் தானே பழுது பார்த்து ஓட்டியவர். 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில் பந்தயத்தில் அவர்தான் முதல். கொடியையும் கோப்பையையும் பக் பேக்கர் என்ற வெள்ளைக்கார ஓட்டுநருக்குக் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு கணக்கு தப்பாகிவிட்டது, ஸ்காட்தான் ஜெயித்தார் என்றார்கள். அவர் 1990-ல் இறந்தார். பந்தயம் நடத்தும் நாஸ்கார் அமைப்பு அவர் குடும்பத்தின் கையில் கோப்பையைக் கொடுத்தது 2021-ல். அந்த ஜாக்சன்வில் பந்தயத்துக்கு அப்புறமும் அவர் பத்து வருஷம்போல ஓட்டினார், மீனு. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் இருந்தது.

பட்டறைக்காரர் ஓட்டுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. போன கோடையில் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டுகிற பையன்களைத் திட்டிக்கொண்டே இருந்தார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்.

ஏப்ரலில் மறுபடி தொடங்கிவிடும். உன் சிவப்புக் காதுமூடி கராஜில் கிடக்கிறது, உள்ளே ஸ்பாஞ்ச் உதிர்கிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கட்டுமா என்று மட்டும் சொல்.

அப்பா