காந்தி மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் காந்தி மண்டபத்தின் திருப்பணி முடிந்தது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் உள்ளது. என்னென்ன வேலை நடந்தது, ஏன் அப்படிச் செய்தோம் என்பதை இங்கே தருகிறோம்.

மேல்தளத்தில் பெயர்ந்திருந்த தட்டோடுகளை எடுத்து, வாட்டம் சரிசெய்து மறுபடி பதித்ததில் ஒழுக்கு நின்றது. மேற்குச் சுவர்தான் பெரும்பாடு. பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தின் மேல் பிற்காலத்தில் சிமென்ட் பூசியிருந்தார்கள். சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பாகப் பூத்து, அதில் மாட்டியிருந்த காந்தி வரலாற்றுப் படச் சட்டங்களின் பின்பலகையை அரித்துவிட்டது. சிமென்டைக் கொத்தி எடுத்தோம். 15 நாள் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காய்த் தண்ணீர் என்ற கலவையில் மறுபடி பூசினோம். இந்தச் சுவரில் இனி யாரும் ஆயில் பெயின்ட் அடிக்கக் கூடாது, சுண்ணாம்பு வெள்ளை மட்டும்தான். படங்களைச் சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் விலக்கி மாட்டியிருக்கிறோம்.

காந்தி சிலையின் கைத்தடி உடைந்ததற்குக் காரணம் உள்ளே இருந்த இரும்புக் கம்பி. தடி பீடத்தில் ஊன்றும் இடத்தில் மழைநீர் தேங்கிக் கம்பி துருவேறியது. துருப்பிடித்த இரும்பு பருத்து, மேலே இருந்த சிமென்டை வெடிக்கவைத்தது. இப்போது 12 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பியைப் பீடத்துக்குள் அரையடி இறக்கி எபாக்சிப் பசையால் பிடித்திருக்கிறோம். தண்ணீர் நிற்காதபடி பீடத்தின் மேற்புறம் நாலாபக்கமும் சரிவாக்கப்பட்டது. மூக்குக்கண்ணாடிக் கம்பியும் துருவேறிக் கன்னத்தில் கறை இறக்கியிருந்ததால் அதையும் எஸ்.எஸ். ஆக்கினோம்.

ஆண்டுதோறும் பூசிய வெள்ளிப் பெயின்டைச் சுரண்டித்தான் எடுத்தோம். ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் போகும். சிமென்டும் சேர்ந்தே போகும். அப்படிச் சுரண்டியபோது இடுப்பில் சிறு வட்டமாக ஒரு புடைப்பு தெரிந்தது. காந்தியடிகள் இடுப்பில் தொங்கவிட்டிருந்த கடிகாரம்! சிற்பி நுணுக்கமாகச் செய்ததை நாம் பெயின்டால் மூடி வைத்திருந்தோம். பீடத்தில் காந்தியடிகளின் தமிழ்க் கையொப்பம் 'மோ.கா.காந்தி' என்று தவறாக எழுதப்பட்டிருந்தது. 'மோ.க.காந்தி' என்று திருத்திச் செதுக்கினோம்.

படங்களில் செய்த திருத்தங்களை உறுப்பினர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். பழைய வரிசையில் எல்லாப் படத்திலும் ஒரே கிழவர்: மொட்டைத் தலை, இடுப்புத் துணி. 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இறக்கிவிடப்பட்டவர் 23 வயது வக்கீல். கோட்டு சூட்டு அணிந்தவர். அந்த இளைஞரிலிருந்து இந்தக் கிழவர் எப்படி உருவானார் என்பதுதான் காந்தியின் வரலாறு. அதைக் காட்டாத படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பயனில்லை. எனவே ஒவ்வொரு படத்தையும் அந்தந்த ஆண்டின் உடையோடு புதிதாக வரையச் செய்தோம். தென்னாப்பிரிக்க இந்தியர்களின் 1913 போராட்டத்தில் சுடப்பட்டு இறந்த தொழிலாளர்களுக்குத் துக்கம் காத்து, தலையை மழித்து, ஒப்பந்தத் தொழிலாளரின் உடையில் அவர் நின்றது தனிப் படமாகிறது.

தில்லையாடி வள்ளியம்மை சிறையிலேயே உயிர்விட்டதாகப் பழைய படம் சொன்னது. அதே போராட்டத்தில் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்ற அவர், சிறையில் காய்ச்சலுக்கு ஆளாகி, விடுதலையான சில நாளில் 22.2.1914 அன்று 16 வயதில் இறந்தார். மறு ஆண்டே காந்தி தில்லையாடிக்கு வந்தார்.

காந்தி அரையாடைக்கு மாறியதற்கு '1931, லண்டன்' என்று குறித்திருந்தார்கள். நடந்தது மதுரை மேலமாசி வீதியில், 22.9.1921 அன்று. கதர் வாங்க வசதியில்லை என்று ரயிலில் வந்த ஏழைகள் சொன்னது அவர் மனத்தை அறுத்தது. குல்லாயையும் சட்டையையும் அக்டோபர் 31 வரையாவது துறப்பதாகத்தான் முதலில் அறிவித்தார். அந்தக் கெடு அவர் ஆயுள் முழுக்க நீண்டது. தண்டி உப்பு யாத்திரைப் படத்துக்குப் பக்கத்தில், ராஜாஜி 13.4.1930 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டு வேதாரண்யம் சென்று, 30-ஆம் தேதி உப்பு எடுத்ததும் இடம்பெற்றுள்ளது.

அக்டோபர் 2, ஜனவரி 30 ஆகிய நாள்களில் சிலைக்கு நார்மாலை மட்டும் போடுங்கள். கம்பி வைத்துக் கட்டிய மாலை பூச்சைக் கீறுகிறது. மாலையை அன்று மாலையே எடுத்துவிட வேண்டும். ஈரப்பூ கறை பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், தளத்தின் தண்ணீர்ப் போக்கிகளைச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஒரு சட்டம் மட்டும் காலியாக மாட்டப்பட்டிருக்கிறது. தாழ்த்தப்பட்டோரின் ஆலய நுழைவுக்குப் பின், 1946-இல் காந்தி மீனாட்சி அம்மன் கோயிலுக்குச் சென்ற காட்சிக்கான இடம் அது. அந்த நாளின் தெளிவான புகைப்படம் உறுப்பினர் வீடுகளில் இருந்தால் படி எடுக்கக் கொடுத்து உதவுங்கள். ஓவியர் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

திருப்பணிக் குழு