செயலாளரின் ஆண்டறிக்கை: நம் பக்கத்து மரவீடுகள்

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் நம் பக்கத்துப் பழைய மரவீடுகளைப் பதிவு செய்து வைக்கும் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை நாம் பள்ளிக்கூட நாளிலேயே பார்த்த இடம்தான். இந்த முறை வேலையிலிருந்து ஓய்ந்த ஆசாரி ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனோம். நாங்கள் பூமுகத்து (முன்வாசல் மண்டபத்து) மர மச்சில் செதுக்கிய 90 வகைப் பூக்களைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் கூரையைப் பாருங்கள் என்றார். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மண் நம்முடையது. அதனால் கூரை நல்ல சரிவு. சாரல் மரத்தில் படாதபடி இறவாரம், அதாவது கூரையின் வெளி விளிம்பு, தாழ இறங்கியிருக்கும். தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்துவார்கள். ஈரமும் கறையானும் எளிதில் ஏறாது. தூணின் தலையில் செதுக்கிய கழுந்து (முளை), மேலே கிடையாகக் கிடக்கும் உத்தரத்தின் துளைக்குள் போய் உட்காரும். உத்தரத்திலிருந்து கழுக்கோல்கள், அதாவது கூரையின் சரிவு மரங்கள், முகட்டுக்கு ஏறும். கூரைப் பாரம் முழுக்க இந்த மரச்சட்டத்தின் வழியே கல்லுக்கு இறங்கிவிடுவதால் பலகைச் சுவர் வெறும் மறைப்புதான், அது எதையும் தாங்குவதில்லை. இத்தனை வருடம் இதே மாதிரி வீட்டில் வளர்ந்தும் எனக்கு அன்றுதான் புரிந்தது.

அப்புறம், நம் ஊரில் பிரிக்கப்பட்ட இரண்டு வீடுகள். ஒன்றில் வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். ஓடு இறக்குமுன் ஒவ்வொரு கழுக்கோலுக்கும் பலகைக்கும் எண் போட்டு, பொருத்துகளை வரைந்து வைத்தோம். பலகைகள் காடியில் (மரத்தில் வெட்டிய பள்ளத்தில்) செருகியவை. வரிசையாக உருவினால் முழுசாக வந்தன. அயினி மரம் இன்னும் உறுதியாகவே இருக்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நிற்கும் புதுப்பள்ளி வீடும் இப்படிக் கோட்டயம் பக்கத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய் மறுபடி பூட்டியதுதான்.

மற்ற வீட்டை நாம் இழந்தோம். தகவல் வந்தும் ஒரு வாரம் தள்ளிப்போட்டது நான். போனபோது தூண் நின்ற கற்கள் மட்டும் இருந்தன. மரம் விலைபோய்விட்டது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

வீட்டை விற்க வேண்டாம் என்று நாம் யாரிடமும் சொல்ல முடியாது. ஓடு இறக்குமுன் சொல்லுங்கள் என்று கேட்கலாம், இரண்டு நாள் போதும். ஆசாரி சொன்ன வேலைச் சொற்களில் பாதிதான் எழுதியிருக்கிறோம். மீதியை எழுத அவருடன் உட்கார இளைஞர்கள் இருவர் வேண்டும். இன்றே பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்